கார் ரேடியேட்டர்: கண்டுபிடிப்பதும் பராமரிப்பதும்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே இருக்கும் கூலன்ட் (எஞ்சின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுவரும் திரவம்) கொதிக்காமல் நிற்பது அதனால்தான். திருகிய நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில், கிளப்புவதற்கு முன் பாருங்கள்.

பானெட்டைத் தூக்குங்கள். கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது பெரும்பாலும் ஏசி கண்டன்சர். புதியவர்கள் பலர் அதையே ரேடியேட்டர் என்று நினைத்துவிடுவார்கள். அதற்குப் பின்னால், மின்விசிறியை ஒட்டி நிற்பதுதான் ரேடியேட்டர். சந்தேகமிருந்தால் எஞ்சினிலிருந்து வரும் பருமனான ரப்பர் ஹோஸ் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலும். கையை உள்ளே விடாதீர்கள்.

பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்கில் கூலன்ட் மட்டம் MIN, MAX கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். துருநிறம் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பால் கலந்த காபி போலிருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

“நம்ம ஊரில் பனியா பெய்கிறது, தண்ணீரே போதும்” என்ற பேச்சுதான் பல ரேடியேட்டர்களைக் கெடுக்கிறது. உறைவதைத் தடுப்பது மட்டுமல்ல கூலன்ட்டின் வேலை. கொதிநிலையை உயர்த்தும், அலுமினியம் அரிக்காமல் காக்கும். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு, சமையலறைப் பாத்திரத்தில் படிவதைப் போலவே மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். ஏற்கெனவே கலந்த பிரீமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். எந்த வகை, எத்தனை லிட்டர், எப்போது மாற்றுவது என்பதற்குக் கார் கையேடுதான் கணக்கு.

கூலன்ட்டை மாற்றும்போது, எஞ்சின் ஆறிய நிலையில், அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, பழையதைத் தட்டில் பிடியுங்கள். அது விஷம், இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. திருகை மூடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புதியதை மெதுவாக ஊற்றுங்கள். மூடி திறந்தபடியே எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால் குமிழிகள் வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றி, மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். காற்று உள்ளே தங்கினால் புது கூலன்ட் ஊற்றியும் வண்டி ஹீட் ஆகும். காற்று வெளியேற்றத் தனித் திருகு உள்ள கார்களில் கையேட்டின்படி செய்யுங்கள்.

வெளித் தகடுகளில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். காற்று வெளியேறியதால் கொஞ்சம் குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளலாம். வாராவாரம் குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் கிளாம்ப்பையும் வாட்டர் பம்ப் அடியையும் முதலில் பாருங்கள். முன் சீட்டுக் கால்மிதி கூலன்ட்டால் ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது. எங்கும் ஈரமே இல்லாமல், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள்.