27 அடியில் ஒரு 36 அடிக் கோட்டை

நாங்கள் கட்டிய கோட்டை திறந்து நாலாவது நாள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், கீழே நல்ல கூட்டம். மேல்மாடத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் உச்சிக்கு ஏறினார். அவர் நிமிர்ந்து நின்றதும் மாடத்துக் கைப்பிடிச் சுவர் அவருடைய முழங்காலுக்குத்தான் வந்தது. "அப்பா, பூதம்!" என்று கீழே ஒரு குழந்தை கத்தியது. அதுவரை 36 அடியாகத் தெரிந்த கோட்டை அந்த நொடியே 27 அடியாகிவிட்டது. அதன் நிஜ உயரமும் அதுதான்.

நான் சினிமா செட் வேலையிலிருந்து தீம் பார்க் பக்கம் வந்து 11 வருஷம் ஆகிறது. செட்டில் கேமரா எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த ஓர் இடத்திலிருந்து சரியாகத் தெரிந்தால் போதும். பின்னால் சவுக்குக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. பார்க்கில் கேமரா நடந்துகொண்டே இருக்கும், ஐஸ்கிரீம் சாப்பிடும், திரும்பிப் பார்க்கும். சின்ன பட்ஜெட்டில் ஒரு கோட்டையோ, மலைக் கிராமமோ, பழைய காலத்துத் தெருவோ போட நினைப்பவர்களுக்காக, மேலே போகப் போகச் சுருக்கி உயரமாகக் காட்டும் இந்த வித்தையில் நான் அடிபட்டுக் கற்றதை எழுதுகிறேன்.

கண்ணிடம் டேப் கிடையாது. தனக்கு ஏற்கெனவே அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளக்கும். கதவு, படிக்கட்டு, செங்கல், இலை, ஆள். இவற்றில் எது எங்கே தெரிய வேண்டும் என்பதை நம் பிடியில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்குக்கு வருவோம். தளத்துக்கு 12 அடி வீதம் மூன்று தளம் என்றால் 36 அடி. கீழ்த்தளத்தைத் தொடவே தொடாதீர்கள், முழு 12 அடி இருக்கட்டும். கதவு 7 அடி, படி 6 அங்குலம், எல்லாம் நிஜ அளவு. மக்கள் கை வைக்கும், சாய்ந்து போட்டோ எடுக்கும் இடம் அது; அங்கே பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்வோம். இரண்டாம் தளம் முக்கால் அளவு, 9 அடி. மூன்றாம் தளம் பாதி, 6 அடி. கூட்டினால் 27.

என் முதல் வேலையில் நான் உயரத்தை மட்டும் சுருக்கினேன். ஜன்னல் அகலம் அப்படியே இருந்தது. யாரோ தலைமேல் உட்கார்ந்து அமுக்கிய மாதிரி ஆகிவிட்டது மேல்மாடி. சுருக்கினால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். கீழே 4 அடி அகல ஜன்னல் என்றால் நடுவில் 3 அடி, உச்சியில் 2 அடி. கம்பியின் தடிமன், பலகையின் அகலம், ஓட்டின் அளவு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விடும் கோடு, பெயர்ப்பலகையின் எழுத்துகூட அதே விகிதத்தில் இறங்க வேண்டும். அச்சு வார்க்கும் மோல்டர் இதற்குச் சண்டை போடுவார். ஒரே அச்சில் ஊற்றினால் அவருக்கு வேலை சுலபம், நாம் கேட்பதோ மூன்று அச்சு. மூன்றுக்கும் காசு ஒதுக்குங்கள், வேறு எதிலாவது மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். பெயின்ட்டிலும் ஒரு கணக்கு உண்டு: மேலே போகப் போக நிறம் வெளுக்க வேண்டும், நிழல் கோடுகள் மங்க வேண்டும். தூரத்தில் இருப்பது அப்படித்தானே தெரியும்?

1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது கட்டிய ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை வெறும் 77 அடிதான். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல். அதே பார்க்கில் 1959-இல் வந்த மேட்டர்ஹார்ன் மலை 147 அடி. ஆல்ப்ஸில் உள்ள நிஜ மலை 14,692 அடி. சரியாக நூறில் ஒரு பங்கு. அதன் சரிவில் உயரமான இடங்களில் குட்டை மரங்களாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள், மலை இன்னும் தள்ளி இருப்பதாகத் தோன்ற. ஃப்ளோரிடாவின் டிஸ்னி பார்க்கில் உள்ள சிண்டரெல்லா கோட்டை 189 அடி. இன்னும் ஏற்றியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 200 அடியைத் தாண்டினால் அங்கே விமானங்களுக்காக எச்சரிக்கை விளக்குப் போட வேண்டிவரும். கோட்டை உச்சியில் சிவப்பு விளக்கு மின்னினால் அது செல்போன் டவர் ஆகிவிடாதா?

விகிதம் பழக அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு ராஜகோபுரத்தின் எதிரே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிடக் குறுகும், நடுவில் உள்ள திறப்பும் கூடவே குறுகும். ஸ்தபதிகள் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. நிலைக்கு நிலை எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் வரைந்து பாருங்கள், கை தானாகப் பழகும்.

வரைந்து முடித்ததும் கட்டக் கிளம்பிவிடாதீர்கள். அட்டையில் ஐம்பதில் ஒரு பங்கு மாடல் செய்யுங்கள். அதே அளவில் ஓர் ஆள் பொம்மை வெட்டி வாசலில் நிறுத்தி, அதன் கண் மட்டத்தில் போன் கேமராவை வைத்துப் பாருங்கள். மாடலை மேலிருந்து குனிந்து பார்த்து "சூப்பர் சார்" என்று சொல்லும் முதலாளிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த உயரத்திலிருந்து பார்க்கப் போவது காக்கா மட்டும்தான். வைடு லென்ஸ் வேண்டாம், அது எல்லாவற்றையும் உயரமாக்கிக் காட்டும். குழந்தையின் கண் மூன்றரை அடியில் இருக்கும், அங்கிருந்தும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பக்கத்தில் ஜெயன்ட் வீல் இருக்கிறதா? அப்படியென்றால் உயரத்தில் சுருக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். வீலில் ஏறியவர் உங்கள் மூன்றாம் தளத்தை நேருக்கு நேர் பார்ப்பார், பொம்மை வீடு என்று தெரிந்துவிடும். தெருவைப் போகப் போகக் குறுக்கி நீளமாகக் காட்டுவதிலும் இதே ஆபத்து. போகும்போது அழகாக இருக்கும். திரும்பி வரும்போது தெரு பாதியாகிவிடும், அந்தக் கோடியில் நிற்பவர் ராட்சசனாகத் தெரிவார். குறுகும் பகுதிக்குள் யாரும் கால் வைக்க முடியாமல் ஒரு கிணறோ, மூட்டை ஏற்றிய வண்டியோ குறுக்கே நிறுத்திவிடுங்கள்.

சின்ன வயதில் கொலுவில் நான் பார்க் போடுவேன். கண்ணாடித் துண்டு குளம், முளைவிட்ட கேழ்வரகு வயல். பிளாஸ்டிக் புலி மட்டும் கோயிலைவிடப் பெரிது. அம்மா எதையும் மாற்றவில்லை. புலியை முன்னால் இழுத்தார், கோயிலைப் பின்னால் தள்ளினார், நடுவில் ஒரு கைப்பிடி மணல் கொட்டினார். சரியாகிவிட்டது. பெரியது முன்னால், சின்னது பின்னால், நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியாதபடி ஒரு மறைப்பு. இன்றும் லேஅவுட் போடும்போது அந்த மணல்தான் எனக்குப் புதர், பாறை, படிக்கட்டு.

சுருங்க மறுப்பவை சில உண்டு. தண்ணீர் அதில் முதல். 15 அடி அருவியை 150 அடியாகக் காட்டச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். 15 அடியிலிருந்து விழும் நீர் ஒரு நொடிக்குள் தரையைத் தொடும். 150 அடி என்றால் மூன்று நொடி. கணக்குத் தெரியாதவர்கூட அந்த வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். துளியின் பருமனும் காட்டிக்கொடுக்கும். அருவி தொடங்கும் இடத்தையும் விழும் இடத்தையும் பாறையால் மறைத்து, நடுப்பகுதியை மட்டும் காட்டுவது ஒரு வழி. நான் பெரும்பாலும் நாலைந்து திட்டுகளில் தட்டித் தட்டி, நூலாகப் பிரித்து விழவிடுவேன், அடியில் கொஞ்சம் பனிப்புகை. நெருப்பும் கொடியும் இதே குணம்தான். சின்னக் கொடி படபடவென்று அடித்துக்கொள்ளும், பெரிய கொடி நிதானமாக அலையும். கோட்டை உச்சியில் துணிக்குப் பதில் தகட்டில் கொடி செய்துவிடுங்கள்.

அடுத்தது மரம். தென்னையின் உயரம் நம் ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி. கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்று நின்றால் கோட்டையின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். தேக்கு, பாதாம் மாதிரி பெரிய இலை மரங்களை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே, பின்னே பொடி இலை வேண்டும். நெல்லி நல்லது. சவுக்கை வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்தால் தூரத்துப் பைன் மரம் போலவே இருக்கும். ஆனால் மரம் வளரும் என்பதைப் பட்ஜெட் போடும்போது மறந்துவிடுகிறோம். நாங்கள் போட்ட ஒரு மலை மூன்றாவது வருஷம் தன் சவுக்குக்குப் பின்னால் காணாமல் போனது. கத்தரி பிடிக்கும் தோட்டக்காரருக்கு உங்கள் டிராயிங்கைக் காட்டுங்கள், ஸ்கேலை, அதாவது அளவு விகிதத்தை, காப்பாற்றுவது இனி அவர்தான்.

அப்புறம், பின்னணியில் தெரியும் வெளியுலகம். டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருப்பது அதை மறைக்கத்தான். ஃப்ளோரிடாவில் டவர் ஆஃப் டெரர் என்ற 199 அடி உயர ரைடு கட்டடம் பக்கத்து டிஸ்னி பார்க்கான எப்காட்டிலிருந்து தெரிகிறது; அதனால் அதன் நிறத்தையும் உச்சி வடிவத்தையும் எப்காட்டின் மொராக்கோ கட்டடங்களோடு ஒட்டிப்போகும்படி அமைத்தார்கள். நமக்குப் பெரும்பாலும் தெரிவது ஏ.சி.யின் வெளி யூனிட்டும் சின்டெக்ஸ் டேங்கும். கறுப்பு டேங்கின் அளவு தெரியாத தமிழன் உண்டா?

ஸ்கேல் சரியாக இருந்தும் நம்ப முடியாத இடங்கள் உண்டு. புதுசாக இருப்பதுதான் காரணம். ஏஜிங், அதாவது பழசாகக் காட்டும் வேலை, செய்யும் பையன்கள் அழுக்கைச் சுவர் முழுக்கச் சமமாகத் தெளிப்பார்கள். மழைத்தண்ணீர் எங்கே ஓடும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஜன்னல் திண்டின் இரண்டு ஓரத்திலும் கோடாக இறங்கும் பாசி, ஆணிக்குக் கீழே துரு, விளக்குக்கு மேலே கரி, கதவில் கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்த பெயின்ட். இந்த நாலும் இருந்தால் போதும்.

சில பொருளைச் சுருக்கவே கூடாது. டிஸ்னி பார்க்கில் 2019-இல் திறந்த, ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்துக் கட்டிய கேலக்ஸிஸ் எட்ஜ் பகுதியில் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை 100 அடிக்கு மேல் நீளமாக, முழு அளவில் செய்து நிறுத்தினார்கள். ஜனங்கள் அதன் பக்கத்திலேயே நடக்கிறார்கள். அங்கே வித்தைக்கு இடமில்லை. எட்ட முடியாத பின்புறப் பாறைக் கூம்புகளில்தான் அந்த வேலையைக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் கோட்டை மாடத்துக்கு இப்போது பின்பக்கமாக ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டோம். பல்பை உள்ளே உட்கார்ந்தபடியே மாற்றலாம். அதுவும் காலை 9 மணிக்கு முன்னால், கேட் திறப்பதற்குள். பல்பும் மேல்தளத்துக்குச் சின்ன சைஸ்தான், கீழ்த்தளத்து வாட்டில் பாதி.