ரோமுக்குக் காலி பாட்டிலோடு போங்கள்
நண்பரோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ரோமில் இறங்கினால், தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். 1874 முதல் தெருக்களில் நிற்கும் ‘நாசோனி’ வார்ப்பிரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மூக்குபோல் வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு எழும், குனியாமலே குடிக்கலாம். (முதல் தடவை சட்டை நனையும், வெயிலுக்கு அதுவும் நல்லதுதான்.)

காபியைக் கவுன்ட்டரில் நின்றபடியே குடியுங்கள்; உட்கார்ந்தால் பல கடைகளில் விலை ஏறிவிடும். காகித டிக்கெட் என்றால் பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், ஆளுக்கொன்றாக. கால் கெஞ்சினாலும், ரோமின் புகழ்பெற்ற அகலமான கல்படிகளான ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார வேண்டாம். 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு.