அமெரிக்க எல்லைக் கணக்கைப் படிப்பது எப்படி?

"ஒரே வருஷத்தில் இத்தனை லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் புகுந்துவிட்டார்கள்" என்ற செய்தி கைக்கு வந்தால், அந்த எண் எந்த எல்லைக்கானது என்பதை முதலில் பாருங்கள். 2023 நிதியாண்டுக்கு மட்டும் மூன்று எண்கள் உலவுகின்றன. மெக்சிகோ எல்லையில் சோதனைச் சாவடிகளுக்கு வெளியே எல்லைக் காவல் படையிடம் சிக்கியது சுமார் 20.5 லட்சம். நுழைய உரிய அனுமதி இல்லாமல் சாவடிகளுக்கே வந்து நின்றவர்களைச் சேர்த்தால் 24.8 லட்சம். கனடா எல்லை, விமான நிலையங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 32 லட்சம். மூன்றும் அரசுக் கணக்குதான். வாதாடுகிறவர் தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிறார்.

அவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. ஜனவரி 20-ல் ஆட்சி மாறும் ஆண்டில், முதல் மூன்றரை மாதம் பழைய அதிபரின் கணக்கு.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. இந்த எண்கள் தலைகளை எண்ணுவதில்லை, பிடிபட்ட தடவைகளை எண்ணுகின்றன. 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை, கொரோனாவைக் காரணம் காட்டி 'டைட்டில் 42' விதியின்கீழ் ஏராளமானோரை வழக்கு இல்லாமல் உடனே திருப்பி அனுப்பினார்கள். வழக்கே இல்லை என்றால் மறுபடி முயல என்ன பயம்? ஒரே ஆள் மூன்று முறை சிக்கினால் கணக்கில் மூன்று. ஒரே ஆண்டில் திரும்பச் சிக்கியவர்களின் விகிதம் 2019-ல் 7%, 2021-ல் 27%. அதனால் இந்த இரண்டு ஆண்டுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. பிடிபட்டவர் எல்லாரும் உள்ளே விடப்பட்டவர் என்றும் கொள்ளக் கூடாது.

சிக்காமல் நழுவியவர்கள் இதில் இல்லை. கேமராவையும் காலடித் தடத்தையும் வைத்து அவர்களுக்குத் தனியாக மதிப்பீடு போடுகிறார்கள். முறையான விசாவில் விமானத்தில் வந்து, கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்களும் இல்லை. சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் இவர்களைத் தடுக்காது.

நம்மூர் அப்பா அம்மாக்கள் தெரியாமல் மாட்டுவதும் இங்கேதான். விசா ஸ்டிக்கரில் பத்து வருடம் என்றிருந்தாலும் தங்கும் கெடு ஐ-94 பதிவில் (நாட்டுக்குள் நுழையும்போது போடப்படும் வருகைப் பதிவு) உள்ள தேதிதான். சுற்றுலா விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம். இறங்கிய வாரமே பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் அதை எடுத்துப் பாருங்கள். கெடு தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மறுபடி உள்ளே வர 3 ஆண்டுத் தடை. ஒரு வருடத்தைத் தொட்டால் 10 ஆண்டு.