காலியான பெட்ரோல் பையை எங்க, எப்படி வைக்கறது?

பெட்ரோல் ஊத்தி எடுத்துட்டு போய், காலியானதும் சுருட்டி வைக்கற பெட்ரோல் பை இப்ப ஏற்காடு பக்கம் நிறைய பேர்கிட்ட இருக்குங்க, பைக்ல லாங் ரைடு போறவங்களும் வச்சிருக்காங்க, எஸ்டேட்ல பிரஷ் கட்டருக்கு (புல், புதர் வெட்டற மெஷின்) பெட்ரோல் வாங்கிட்டு போறவங்களும் வச்சிருக்காங்க. வேலை முடிஞ்சதும் காலிதானேன்னு சுருட்டி பரண்ல போட்டுடறாங்க பாருங்க, ஆபத்தே அங்கதான் இருக்கு. மிச்சம் நிக்கற நாலு சொட்டு ஆவியாகி காத்தோட கலந்து உள்ளயே கிடக்கும், அதுக்கு ஒரு பொறி போதும். மைனஸ் 40 டிகிரியிலயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடற சரக்கு இது, நம்ம ஏற்காட்டு மார்கழி குளிரெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல.

மிச்சத்தை வண்டி டேங்க்ல ஊத்திடுங்க, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்ததுன்னா பிரஷ் கட்டர்லயே ஊத்துங்க, சாக்கடையிலயோ காபி செடிக்கு அடியிலயோ வேண்டவே வேண்டாம். அப்புறம் மூடியை கழட்டிட்டு வாய் கீழ பாத்த மாதிரி வெளியில, நிழல்ல தொங்க விடுங்க, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அதனால தானா கீழ இறங்கி போயிடும். பக்கத்துல அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் கூடாது. சேலம் வெயில் காலத்துல சீக்கிரம் காஞ்சிடும், மலை மேல பனிமூட்டம் நிக்கற நாள்ல கொஞ்சம் பொறுமையா விடுங்க, கிட்ட போனாலே வாடை வந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். சோப்பு தண்ணி விட்டு கழுவறாங்க சில பேர், எனக்கு அது பிடிக்காது, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, உள்ள தங்கின ஈரத்தை அது இழுத்துக்கும், அப்புறம் இஞ்சின்தான் மக்கர் பண்ணும்.

காஞ்சதும் காத்தை நல்லா அமுக்கி வெளியேத்திட்டு மூடுங்க, மலைக்கு கீழ வச்சு மூடின பையில காத்து இருந்தா மலை ஏறறப்ப உப்பிக்கும். மடிக்காதீங்க, லூசா சுருட்டுங்க, ஒரே இடத்துல மடிப்பு விழுந்தா அங்கதான் வெடிப்பு விடும். தகர ஷீட்டுக்கு அடியில, காருக்குள்ள, இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்துல வேண்டாம், எலி போகாத டப்பாவுல போட்டு காத்தோட்டமான ஷெட்ல வைங்க, குழந்தைங்களுக்கு எட்டக்கூடாது.

பெட்ரோலோட அப்படியே எடுத்து வைக்கலாமான்னு கேக்கறாங்க. கூடாதுங்க, அந்த பை வழிக்கு மட்டும்தான். 1934 பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம 30 லிட்டர் வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கலாம், ஆனா கண்ணாடி, பீங்கான்னா ஒரு லிட்டருக்கு மேல கூடாது, உலோக கேன்னா 25 லிட்டருக்கு மேல கூடாது, இந்த மாதிரி பை அந்த கணக்குலயே வராது.

மறுபடி எடுக்கறப்ப மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையத்தையும் தையல் ஓரத்தையும் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டினா அந்த பை முடிஞ்சது. தண்ணி பிடிக்க வச்சுக்காதீங்க, குப்பையோட கொளுத்தவும் கூடாது, நல்லா காய வச்சு வெட்டிட்டு, குப்பை வண்டிக்காரர்கிட்ட இன்னதுன்னு சொல்லி தனியா குடுங்க.