செயிண்ட் அகஸ்டின் போகிறீர்களா? கோட்டையில் தொடங்குங்கள்

ஃப்ளோரிடா பயணம் என்றால் எல்லோரும் டிஸ்னியோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கி செயிண்ட் அகஸ்டினையும் பார்த்துவிடுங்கள். 1565-இல் ஸ்பானியர் அமைத்த சின்ன ஊர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருநிலத்தில் ஐரோப்பியர் குடியேறி, இன்றுவரை மக்கள் தொடர்ந்து வாழும் ஊர்களில் இதுவே மூத்தது.

காலை வெயில் ஏறுமுன் காஸ்டியோ டி சான் மார்கோஸ் கோட்டைக்குப் போய்விடுங்கள். 1672-இல் கட்டத் தொடங்கியது. சுவரை நெருங்கிப் பாருங்கள்: முழுக்கச் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள், ஒன்றோடொன்று இறுகிக் கல்லாகிப் போனவை. இதற்கு கோக்கினா என்று பெயர். 1702-இல் ஆங்கிலேயர் ஏறத்தாழ 50 நாள் முற்றுகையிட்டார்கள். பீரங்கிக் குண்டு பட்டும் சுவர் பிளக்கவில்லை, குண்டு உள்ளே புதைந்து நின்றுவிட்டது! அந்தச் சுவரில் தயவுசெய்து ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். குண்டைத் தாங்கிய கல், மனிதக் கால் பட்டால் உதிரும்.

காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு செயிண்ட் ஜார்ஜ் தெருவில் நடங்கள். 1888-இல் தொழிலதிபர் ஹென்றி ஃப்ளாக்லர் திறந்த போன்ஸ் டி லியோன் ஓட்டல் இப்போது கல்லூரி. அதுவும் நடை தூரம்தான். கலங்கரை விளக்கத்துக்கு 219 படிகள், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் குறைந்தால் கடைகளை விடுங்கள், ஊருக்கு வடக்கே உள்ள ஃபோர்ட் மோஸேயை விடாதீர்கள். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வந்த கறுப்பின அடிமைகள் 1738-இல் விடுதலை பெற்று வாழ்ந்த மண் அது.