மலை நகரத்தின் மக்கள்தொகை, எழுத்தறிவு எண்களைப் படிக்கும் முறை

கொடைக்கானலின் 2011ஆம் ஆண்டு எழுத்தறிவு விகிதம் 79.78 விழுக்காடு என்று ஓரிடத்திலும் 89.3 விழுக்காடு என்று வேறோரிடத்திலும் கண்டால், இரண்டில் ஒன்று பிழை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கூட்டலும் வகுத்தலும் இரண்டிலும் சரியே. வகுக்கும் எண்தான் வேறு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. அவர்களில் 0–6 வயதுக் குழந்தைகள் 3,893 பேர். எழுத்தறிவு பெற்றவர்கள், அதாவது ஏறத்தாழ 29,120 பேரை, முழு மக்கள்தொகையால் வகுத்தால் முதல் எண் வரும். குழந்தைகளைக் கழித்து மிஞ்சும் 32,608 பேரால் வகுத்தால் இரண்டாவது எண் வரும். 1991 முதல் இந்தியக் கணக்கெடுப்பில் ஏழு வயது நிறைந்தவர்களை மட்டுமே கொண்டு எழுத்தறிவு விகிதம் கணிக்கப்படுவதால், தமிழ்நாட்டின் 80.09 விழுக்காட்டோடு ஒப்பிடத் தகுந்தது 89.3 மட்டுமே. 79.78ஐ எடுத்துக்கொண்டால், மாநில அளவைவிட ஒன்பது புள்ளிகள் மேலே நிற்கும் ஊர் சற்றே பின்தங்கியதுபோல் தோன்றும். ஆகவே எந்த விகிதத்தைக் கண்டாலும், முதலில் மூன்று எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மொத்த மக்கள், 0–6 வயதினர், எழுத்தறிவு பெற்றோர். இவை மூன்றும் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்க (Primary Census Abstract) அட்டவணையில் ஆண், பெண் வாரியாகவே கிடைக்கும். விகிதத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ‘0–6’ என்பதில் ஆறு வயதுக் குழந்தையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அட்டவணையைத் திறந்ததும் எல்லையைச் சரிபாருங்கள். கொடைக்கானல் என்ற ஒரே பெயரில் நகராட்சியும் இருக்கிறது, வட்டமும் இருக்கிறது. வட்டத்தின் எண்ணில் பூம்பாறை, வில்பட்டி போன்ற மலைக்கிராமங்களும் பண்ணைக்காடு பேரூராட்சியும் சேர்ந்துவிடும். திண்டுக்கல் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஊர்ப்பெயருக்கு அருகில் உள்ள நிர்வாகத் தகுதியைப் பார்த்தாலே இந்தக் குழப்பம் தீரும்.

அடுத்து, அந்த எண் யாரைக் குறிக்கிறது என்பது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாகக் கணக்கெடுத்து, மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவைக் குறிப்பு நேரமாக, அதாவது எண்ணிக்கை எந்தக் கணத்துக்கு உரியதோ அந்த நேரமாக, கொண்டார்கள். இமாலயப் பகுதியில் பனி மூடும் ஊர்களுக்கு மட்டும் அது 2010 அக்டோபர் 1. சுற்றுலாப் பயணிகள் தத்தம் வீட்டு முகவரியிலேயே கணக்கில் வருவார்கள் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் ஏரிச்சாலையை நிறைக்கும் கூட்டம் 36,501இல் இல்லை. குடிநீருக்கோ குப்பைக்கோ திட்டமிடுபவர் இந்த எண்ணை மட்டும் நம்பினால் போதாது. மாறாக, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் அந்த ஊரிலேயே எண்ணப்படுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏழு வயதைக் கடந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். உறைவிடப் பள்ளி உள்ள வார்டில் விகிதம் உயர்ந்திருந்தால், அது அங்கே குடியிருக்கும் குடும்பங்களின் நிலையைத்தான் காட்டுகிறது என்று கொள்ளக் கூடாது. (நகரப் பெருமை பேசும் கட்டுரைகள் இதைச் சொல்வதே இல்லை.)

எழுத்தறிவு என்பதற்கும் அளவு உண்டு: ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தால் போதும், பள்ளிச் சான்று தேவையில்லை. எனவே அந்த விகிதத்திலிருந்து கல்வித் தரத்தை ஊகிக்க வேண்டாம். வார்டு அளவில் ஒரு பிரிவில் நாற்பது பேர்தான் இருந்தால், ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ விகிதம் 2.5 புள்ளி மாறிவிடும். அங்கே விழுக்காட்டை விட்டுவிட்டு ஆட்களின் எண்ணிக்கையையே எழுதுங்கள்.

வளர்ச்சியைக் கணிக்க, 2001இன் 32,931ஐ 36,501இலிருந்து கழித்து, வரும் 3,570ஐ 32,931ஆல் வகுத்தால் பத்தாண்டில் 10.8 விழுக்காடு என்று கிடைக்கும்; மாநில அளவில் அது 15.6. இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் நகராட்சி எல்லை மாறவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே இதைப் பயன்படுத்துங்கள். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் எண்கள் வந்ததும் 2011ஓடு ஒப்பிடும்போது வளர்ச்சி பத்தாண்டுக்கு உரியதன்று, பதினாறு ஆண்டுகளுக்கு உரியது என்பதைக் குறித்துவிடுங்கள்.