சேற்றில் புதைந்த டாங்கியை வெளியே எடுப்பது: இரும்புக்கு முன் உள்ளே இருப்பவர்கள்

2000 செப்டம்பர் 14 அன்று எஸ்தோனியாவின் யோஹ்வி நகருக்கு அருகே, குர்த்னா மதஸ்யார்வ் என்ற சிறு ஏரியின் அடியிலிருந்து ஒரு டி-34 டாங்கியை வெளியே இழுத்தார்கள். சோவியத் வண்டி அது. ஜெர்மானியர் கைப்பற்றித் தங்கள் சிலுவைக் குறியைத் தீட்டி ஓட்டியிருந்தார்கள். 1944 செப்டம்பரில் நார்வா முனையிலிருந்து பின்வாங்கும்போது ஏரிக்குள் விட்டுவிட்டுப் போனதாகக் கருதப்படுகிறது. 56 ஆண்டுகள் கழித்து கோமட்சு டி375 புல்டோசர் அதை இழுத்தது. காலை 9 மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் 3 மணிக்கு முடிந்தது. உள்ளே 116 பீரங்கிக் குண்டுகள் இருந்தன.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது ஒரே நாள் வேலை என்று தோன்றும். ஆனால் நார்வா, வோல்ஹோவ், நெவா ஆற்றுக் கரைகளில் புதைந்த வண்டிகள் எல்லாம் ஆளில்லாமல் கைவிடப்பட்டவை அல்ல. மூடிகள் உள்ளிருந்து பூட்டியபடி கிடக்கும் டாங்கி ஒரு கல்லறை. இல்லை என்று உறுதியாகும்வரை ஒவ்வொரு வண்டியையும் அப்படியே நடத்த வேண்டும். வேலையின் வரிசை அங்கிருந்துதான் வருகிறது: முதலில் மனிதர், அடுத்து வெடிபொருள், கடைசியில் இரும்பு.

அனுமதியும் தேடலும்

எஸ்தோனியாவில் கருவி வைத்துத் தேடுவதற்கே பாரம்பரியப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். வெடிபொருள் கிடைத்தால் அது மீட்புத் துறையின் பொறுப்பு. ஜெர்மன் வீரர்களின் எச்சங்கள் என்றால், 1919 முதல் இயங்கும் ஃபோல்க்ஸ்புண்ட் என்ற போர்க்கல்லறை அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். ரஷ்யாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற தேடற்குழுக்களே தோண்டலாம். அனுமதி இல்லாமல் தோண்டுபவர்களை அங்கே ‘கறுப்புத் தோண்டிகள்’ என்பார்கள். அடையாளத் தகட்டைப் பிடுங்கி விற்பவன், ஒரு குடும்பத்துக்குக் கடைசியாக வந்துசேர வேண்டிய செய்தியையே விற்கிறான். இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

இடம் தெரிந்ததும், புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானியால் ஒரு மீட்டர் இடைவெளிக் கோடுகளில் அளந்து வண்டியின் நீளவாக்கைக் கண்டுபிடியுங்கள். 10 அல்லது 12 மி.மீ. எஃகுக் கம்பியால் குத்திப் பார்ப்பது, வெடிபொருள் நிபுணர் பக்கத்தில் இருந்தால் மட்டும். கம்பியைக் கையெடையால் மெல்ல இறக்க வேண்டும், சுத்தியல் கூடாது. மரத்தில் மந்தமான ஓசை வரும், கவசத்தில் கணீரென்று ஒலிக்கும். வண்டியின் மூக்கு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வு, பீரங்கி உள்ள சுழல்கோபுரம் மேலா கீழா என்பதெல்லாம் தாளில் வந்த பிறகுதான் இயந்திரத்தை வரவழைக்க வேண்டும்.

எத்தனை டன் இழுவை?

டி-34இன் எடை வகைக்கு ஏற்ப 26 முதல் 32 டன். சேறு அதைவிட அதிகம் கேட்கும். ராணுவ மீட்புப் பிரிவுகளின் கணக்கு எளிது. சக்கரமட்டம் புதைந்தால் வண்டியின் எடையளவு இழுவை, சேற்றுக்காப்புமட்டம் (சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுவரை) என்றால் இரு மடங்கு, கோபுரமட்டம் என்றால் மும்மடங்கு. 28 டன் வண்டி கோபுரம்வரை புதைந்திருந்தால் 84 டன். உள்ளே போன வழியிலேயே பின்னோக்கி இழுத்தால் ஏறத்தாழ பத்து விழுக்காடு மிச்சமாகும். ஆகவே பெரும்பாலும் பின்புறமாகவே இழுங்கள்.

84 டன்னை நான்கு வட இழைகள் கொண்ட கப்பித்தொடரில் பகிர்ந்தால் ஓர் இழைக்கு 21 டன் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு கப்பியும் பத்து விழுக்காடு உராய்வைச் சேர்க்கிறது. நான்கு கப்பிக்கு 33.6 டன் கூடி மொத்தம் 117.6. நான்கால் வகுத்தால், வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறியான வின்ச் இழுக்க வேண்டியது 29 டன்னுக்கு மேல். 32 மி.மீ. எஃகு வடம் சுமார் 65 டன்னில் அறும், அதாவது பாதுகாப்பு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. அது போதாது. 40 மி.மீ. வடம் நூறு டன்னை ஒட்டித் தாங்கும். அதையே எடுங்கள்.

கப்பியைத் தாண்டி டாங்கியோடு சேரும் இரட்டைக் கட்டுவடத்தின் மேல்தான் முழு 84 டன்னும் விழுகிறது. இரண்டு கால்களுக்கும் இடையில் 60 பாகை இருந்தால் காலொன்றுக்கு 48.5 டன். 120 பாகைக்கு விரிந்தால் காலொன்றுக்கே 84 டன். கட்டுவடம் குட்டையாக இருந்தால் கோணம் விரியும், அப்போது கொக்கி பிய்ந்து வரும். நீளமான கட்டுவடமும் 55 டன் ஷேக்கிள்களும் (வடத்தை மாட்டும் பூட்டு வளையங்கள்) வையுங்கள். மாட்டுவது உடற்பகுதியின் இழுவைக் கொக்கிகளில் மட்டும். பீரங்கிக் குழாயிலோ கோபுரத்திலோ ஒருபோதும் வடத்தைச் சுற்றாதீர்கள்.

நங்கூரம் உலர்ந்த மண்ணில் இருக்க வேண்டும், மக்கிய தாவரங்களாலான கரிச்சேற்றில் எதுவும் நிற்காது. அதன் வலிமையை மண்ணறிந்த பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

உறிஞ்சலை உடைப்பது

வண்டியின் தட்டையான அடிப்பாகம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்வதுதான் மும்மடங்கு கணக்குக்குக் காரணம். பலத்தால் இதை வெல்லப் பார்ப்பவர்களே வடத்தை அறுக்கிறார்கள். இரு பக்கத்திலிருந்தும் அடிப்பாகத்துக்குக் கீழே குழாய்களை நுழைத்துத் தண்ணீரைச் செலுத்துங்கள். வடத்தை இறுக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருங்கள். சேற்றின் நீர் அடியில் ஊடுருவ நேரம் வேண்டும். சில சென்டிமீட்டர் நகர்ந்தால் மறுபடி நிறுத்துங்கள். முதல் ஒரு மீட்டருக்குத்தான் பெரும்பொழுது போகும், அதன் பிறகு இழுவை சட்டென்று இறங்கும்.

வழியில் மரத்தடிகளைக் குறுக்கே அடுக்கிச் சரிவு அமையுங்கள். 20 முதல் 25 செ.மீ. தடிமன் போதும். தோண்டும் இயந்திரத்தின் வாளி கவசத்துக்கு ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது, அங்கிருந்து மண்வெட்டியும் கையும்தான். வடம் இறுகியிருக்கும்போது எல்லாரும் குறைந்தது வடத்தின் நீளம் அளவு தள்ளி நிற்க வேண்டும். அறுந்த வடம் சாட்டையாய்ச் சுழன்று ஆளை வெட்டும். எரிபொருளும் எண்ணெயும் கசியும் என்பதால், நீரில் மிதக்கும் உறிஞ்சு தடுப்பை இழுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூடியைத் திறப்பது

வெளியே வந்ததும் யாரும் மேலே ஏறிப் படமெடுக்கக் கூடாது. முதலில் ஏறுபவர் வெடிபொருள் நிபுணர். அவர் சம்மதித்த பிறகு தொல்லியலாளரோ உடற்கூறு அறிந்தவரோ. உள்ளே நிரம்பிய சேற்றைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவித் தள்ளிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு, மிக அடிக்கடி நடப்பதும் அதுவே. மனிதனின் விரலெலும்பும் பல்லும் அந்தச் சேற்றோடு போய்விடும்.

76 மி.மீ. பீரங்கி கொண்ட டி-34இல் நால்வர். முன்னே இடப்பக்கம் ஓட்டுநர், வலப்பக்கம் வானொலி இயக்குபவர், கோபுரத்தில் தளபதியும் குண்டு நிரப்புபவரும். 85 மி.மீ. வண்டியில் ஐவர். சேற்றை அந்தந்த இருக்கை வாரியாகத் தனித்தனித் தொட்டியில் எடுத்து, 5 மி.மீ. சல்லடையிலும் பிறகு 2 மி.மீ. சல்லடையிலும் நீர்விட்டுச் சலியுங்கள். ஒருவரின் எலும்பு இன்னொருவரோடு கலக்கவே கூடாது.

சேற்றின் தன்மையை அறிந்து தேடுங்கள். பாசி வளர்ந்த அமிலச் சதுப்பில் எலும்பின் சுண்ணாம்பு கரைந்துவிடும். தோலும் கம்பளியும் நிற்கும், பருத்தி நிற்காது. அங்கே ஒரு மனிதரில் மிஞ்சியது காலணிக்குள் இருப்பது மட்டுமாகவும் இருக்கலாம். காலணியைப் பொருளாக எண்ணித் தனியே வைத்துவிடாதீர்கள். சுண்ணாம்புப் பாறைமேல் ஊறும் நீரில் எலும்பு நன்றாகவே இருக்கும்.

பெயரைச் சொல்லக்கூடியவை சிறிய பொருட்கள். சோவியத் வீரர்களிடம் திருகுமூடி போட்ட எபோனைட் (கடினமான ரப்பர்) குப்பி, உள்ளே சுருட்டிய தாள். 1942 நவம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது, ஆகவே 1944ஆம் ஆண்டு வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது. கிடைத்தால் களத்தில் திறக்காதீர்கள். கிடைத்த இடத்து நீரிலேயே வைத்து, குளிர்ச்சியில் இருட்டில் பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள். சாதாரணப் பென்சில் எழுத்து நிற்கும், மை கரையும். ஜெர்மன் அடையாளத் தகடு நடுவே துளைக்கோடு உள்ள நீள்வட்டம். இறந்தவரிடமிருந்து கீழ்ப்பாதியை உடைத்துப் பதிவுக்கு அனுப்புவார்கள். முழுத் தகடு கிடைத்தால் அவர் மரணம் பதிவாகாமலே போயிருக்கலாம். கரண்டியிலும் சாப்பாட்டுக் கிண்ணத்திலும் கீறிய பெயர், எண் பொறித்த விருது, எஞ்சின் எண், உடல் எண், பீரங்கி எண் எல்லாவற்றையும் குறியுங்கள். பொதொல்ஸ்க் ராணுவ ஆவணக் காப்பகத்தின் இழப்புப் பட்டியல்களோடு ஒப்பிட அவை வேண்டும். ஜெர்மன் பதிவுகள் 2019 முதல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எலும்புகளின் படம் ஆய்வுக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். இணையத்தில் வேண்டாம். குடும்பத்துக்குச் சொல்வதற்கு முன் பெயரை வெளியிடவும் வேண்டாம்.

இரும்பு

சேற்றில் காற்றில்லாததால்தான் துரு பிடிக்கவில்லை. வெளியே வந்த அன்றே அது தொடங்கும். குறைந்த அழுத்த நன்னீரால் கழுவி, சாக்கு போர்த்தி ஈரமாகவே வைத்து, பட்டறைக்குக் கொண்டுபோன பிறகு பகுதி பகுதியாக உலர்த்தி எண்ணெயோ மெழுகோ பூசுங்கள். மணல் பீய்ச்சித் தேய்த்தால் அசல் வண்ணமும் குறிகளும் போய்விடும். எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அலுமினிய வார்ப்புகளை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

குழியை அப்படியே விடாதீர்கள், எடுத்த மண்ணையே போட்டு மூடுங்கள். வண்டி கிடந்த இடத்தின் ஆயங்களையும், யார் எந்த இருக்கையில் கிடந்தார் என்ற வரைபடத்தின் பிரதியையும் குடும்பத்துக்கு அனுப்புங்கள். அடக்கம் முடிந்த பிறகே வண்டியைக் காட்சிக்கு வையுங்கள்.